கேம்பாயில் இசை: எந்த ஜாக்கை, எங்கே சேர்ப்பது?

நின்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவியான பழைய சாம்பல் நிற கேம்பாய் ஒன்றை வாங்கியாகிவிட்டது. அதில் பாட்டு எழுத உதவும் எல்எஸ்டிஜே, நானோலூப் மென்பொருள்களில் ஒன்றை ஏற்றிய கார்ட்ரிட்ஜும் கையில் இருக்கிறது. நாலைந்து பாட்டு போட்டுப் பார்த்தாயிற்று. அதற்கப்புறம் எல்லோரும் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: இந்தச் சத்தத்தை மிக்ஸருக்கு ஒழுங்காகக் கொண்டுபோவது எப்படி? கேஸில் துளை போட்டு ஆர்சிஏ ஜாக் வைக்கலாமா, இருக்கிற ஹெட்போன் ஜாக்கையே மாற்றிவிடலாமா, மற்ற இசைக் கருவிகளோடு தாளம் சேர்க்கும் மிடி இணைப்பைச் சேர்க்கலாமா, அல்லது எதையும் தொடாமல் விடுவதே நல்லதா?

இங்கே நான் பேசுவது 1989இல் வந்த முதல் கேம்பாயைப் பற்றி. அதன் மாடல் எண் டிஎம்ஜி-01. பாக்கெட், கலர், அட்வான்ஸ் எல்லாம் பின்னால் வந்தவை. அவற்றைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன். இசை போடுகிறவர்கள் இன்னமும் இந்த முதல் மாடலைத்தான் தேடி வாங்குகிறார்கள். காரணம் அதன் பேஸ், அதாவது தாழ்ந்த கனமான ஒலி. பின்னால் வந்த மாடல்களில் பேஸ் மெலிந்துவிட்டது என்பதைக் காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

## எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது

முதலாவது சத்தம். கேம்பாயின் சிப்பில் நான்கு ஒலித்தடங்கள் இருக்கின்றன. இரண்டு பல்ஸ் அலைக்கு, ஒன்று நாமே வரைந்துகொள்ளும் அலைக்கு, இன்னொன்று இரைச்சலுக்கு. வரையும் அலைக்கு 32 புள்ளிகள்தான், ஒவ்வொன்றும் 4 பிட். இவ்வளவு சின்ன வசதிக்குள் அந்தக் கனமான பேஸ் எப்படி வருகிறது என்று எனக்கு இன்றும் வியப்புதான். அந்தக் கனம் மிக்ஸர் வரை போய்ச் சேர்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது, மேடையில் தாங்குமா. வீட்டு மேசையில் பிழைக்கிற இணைப்பு, இருட்டில் யாரோ கேபிளைக் காலால் இழுக்கும்போதும் பிழைக்க வேண்டும்.

மூன்றாவது, பழையபடி மாற்ற முடியுமா. இந்த மாடலை இனி யாரும் தயாரிக்கப்போவதில்லை. கேஸில் போட்ட துளை போட்டதுதான். மதர்போர்டில் பெயர்ந்த செம்புத் தடமும் அப்படியே.

நான்காவது, மற்ற கருவிகளோடு தாளம் சேர வேண்டுமா. தனியாக வாசிக்கிறவருக்கு இது தேவையே இல்லை. டிரம் மெஷினோ கம்ப்யூட்டரோ கூட ஓடப்போகிறது என்றால் இதுதான் முதல் கேள்வியாகிவிடும்.

ஐந்தாவது, கணக்கில் வராத செலவு. ஜாக்கும் வயரும் ஒரு டிபன் காசுக்குள் முடிந்துவிடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு கடை ஏறி இறங்கினால் போதும். ஆனால் கேஸைத் திறக்கவே மூன்று இதழ் தலை கொண்ட ட்ரை-விங் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். உள்ளே போனால் சாதாரண பிளஸ் தலை ஸ்க்ரூதான். சூட்டைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள சால்டரிங் அயர்ன் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று. இவை கையில் இல்லையென்றால் உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது.

## ஹெட்போன் ஜாக்கை அப்படியே பயன்படுத்துவது

கேம்பாயின் அடிப்பக்கத்தில் இருக்கும் 3.5 மிமீ ஜாக் ஸ்டீரியோ. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று என்பதால் இது பலருக்குத் தெரிவதில்லை. அந்த ஜாக்கிலிருந்து இடமும் வலமும் தனித்தனியாகப் பிரியும் கேபிளைப் போட்டு மிக்ஸரின் இரண்டு சேனலில் சொருகினால் வேலை முடிந்தது.

இதன் குறை, சத்தம் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் வழியாக வருகிறது என்பது. அந்த ஆம்ப் சின்ன ஹெட்போனை ஓட்டுவதற்காக வைத்தது. அதன் வழியே வரும்போது பேஸின் அடி கழன்றுவிடுகிறது, கூடவே ஒரு சீற்றமும் ஒட்டிக்கொள்கிறது. பாட்டு ஓடும்போது அது தெரியாது. இரண்டு பாட்டுக்கு நடுவில் அமைதி வரும்போது நன்றாகவே தெரியும். இன்னொன்று, வால்யூம் சக்கரம். முப்பது வருடத் தூசு உள்ளே இருந்தால் சக்கரத்தைத் தொட்டவுடன் கரகரக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்த ஜாக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. நான் அதில் மாட்டியிருக்கிறேன். நண்பர் வீட்டில் ஒரு நாள் இரண்டு முனையிலும் ஸ்டீரியோ பின் உள்ள கேபிளை மிக்ஸரின் ஒரே சேனலில் சொருகினேன். ஓரத்தில் வைத்திருந்த மெலடி மட்டும் கேட்டது. கிக் இல்லை, பேஸ் இல்லை. கார்ட்ரிட்ஜ் போய்விட்டதென்று நினைத்து அரை மணி நேரம் அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். விஷயம் வேறு. அந்தச் சேனல் பேலன்ஸ்டு உள்ளீடு. ஸ்டீரியோ பின்னைச் சொருகினால் அது இடத்திலிருந்து வலத்தைக் கழித்துவிடும். இரண்டு பக்கமும் சமமாக வருவதெல்லாம் அப்படியே காணாமல் போகும். பிரியும் கேபிளை மாற்றியதும் பேஸ் திரும்பி வந்தது.

இசை எழுதக் கற்றுக்கொண்டிருப்பவருக்கு இதுவே போதும். இரவல் வாங்கிய கேம்பாயா, பெட்டி கலையாமல் பத்திரமாக வைத்திருக்கும் கேம்பாயா, அப்போதும் இதுதான் சரி. பத்துப் பாட்டு முழுதாக முடிக்காதவர் கேஸைத் திறக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

## அதே ஜாக்குக்கு நேரடி வயர்

புரோசவுண்ட் என்று இந்தப் பழக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான்: சத்தம் ஆம்ப்ளிஃபையருக்குப் போவதற்கு முன்பே, வால்யூம் சக்கரத்தின் கால்களிலிருந்து அதை எடுத்துவிடுவது. ஆம்ப் நடுவில் இல்லாததால் சீற்றம் வெகுவாகக் குறைகிறது, பேஸ் முழுதாக வருகிறது.

அப்படி எடுத்த சத்தத்தைப் புதிய ஜாக் எதுவும் வைக்காமல், இருக்கிற ஹெட்போன் ஜாக்குக்கே அனுப்புவது ஒரு முறை. ஹெட்போன் ஜாக் ஒரு தனிச் சின்ன போர்டில் இருக்கிறது. அதற்கு வரும் பழைய வயரைக் கழற்றி, புதிய வயரைப் பற்றவைத்தால் போதும். கேஸில் ஒரு கீறல்கூட விழாது. வெளியிலிருந்து பார்த்தால் மாற்றியதே தெரியாது.

விலை என்னவென்றால், ஹெட்போன் போய்விடும். ஆம்ப் இல்லாத சத்தத்துக்கு ஹெட்போனை ஓட்டும் பலம் கிடையாது. சொருகினால் எங்கோ தூரத்தில் கேட்பது போல மெலிசாகக் கேட்கும். பேருந்தில், ரயிலில், படுக்கையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டு எழுதுவதுதான் கேம்பாயின் பெரிய சுகம். அதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கையில் இரண்டு கேம்பாய் இருந்து, ஒன்றைப் பதிவுக்கென்றே ஒதுக்க முடிந்தால் இந்த முறை நல்லது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் நான் இதைச் செய்யமாட்டேன்.

## தனி ஆர்சிஏ ஜாக்

மேடையில் வாசிக்கிறவர்களின் கேம்பாயைப் பார்த்தால் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஜாக் துருத்திக்கொண்டிருக்கும். நான் யாருக்காவது ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

சத்தத்தின் தரம் மேலே சொன்ன முறையில் வருவதேதான். கூடுதலாகக் கிடைப்பது, பழைய ஹெட்போன் ஜாக் தன் வேலையைத் தொடர்வது. ஆர்சிஏ வழியே சத்தம் சக்கரத்துக்கு முன்பே கிளம்பிவிடுவதால், சக்கரம் அதைத் தொடாது. மிக்ஸருக்கு எப்போதும் ஒரே அளவு போய்க்கொண்டிருக்கும். நீங்கள் ஹெட்போனில் உங்களுக்கு வேண்டிய அளவுக்குக் கூட்டிக் குறைத்துக் கேட்கலாம். பாதிப் பாட்டில் கட்டைவிரல் பட்டுச் சத்தம் இறங்கிவிடுமோ என்ற பயமும் இல்லை.

இன்னொரு லாபம் பலருக்குத் தெரியாதது. கேம்பாயில் ஒரு தடத்தை இடப்பக்கம், வலப்பக்கம், இரண்டு பக்கமும் என்று மூன்று விதமாக மட்டுமே வைக்க முடியும். நடுவில் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்பது கிடையாது. இதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் இரண்டு தனி ஆர்சிஏ இருந்தால் இதுவே வசதியாகிவிடுகிறது. பேஸ் தடத்தை முழுக்க இடப்பக்கம் தள்ளுங்கள், மற்ற மூன்றையும் வலப்பக்கம் தள்ளுங்கள். மிக்ஸரில் இரண்டு சேனலையும் நடுவில் வைத்துவிட்டால், பேஸுக்குத் தனி ஈக்யூ, மெலடிக்குத் தனி எக்கோ போடலாம். பிரியும் கேபிள் போட்டால் ஹெட்போன் ஜாக்கிலும் இது நடக்கும்தான். ஆனால் ஆம்ப்பின் சீற்றம் இருக்கும்போது ஈக்யூவில் எதைத் தூக்கினாலும் அதுவும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வரும்.

வேலையில் கவனிக்க வேண்டிய இடம் அந்தச் சக்கரத்தின் கால்கள். எந்தக் கால் எது என்று படம் பார்த்து மட்டும் நம்பிப் பற்றவைக்க வேண்டாம். மல்டிமீட்டரில் பேட்டரியின் மைனஸோடு தொடர்பு காட்டும் கால் தரை. அப்புறம் கேம்பாயை ஓடவிட்டு, சின்ன முதலைக் கிளிப்பில் ஆம்ப் உள்ள ஸ்பீக்கரின் வயரைக் கட்டி மற்றக் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேளுங்கள். சக்கரத்தைத் திருப்பும்போது சத்தம் மாறினால் அது வெளியே போகும் கால். மாறாமல் ஒரே அளவாக நின்றால் அதுதான் நமக்கு வேண்டியது. இந்த ஐந்து நிமிடத்தைச் சேமிக்கப் பார்க்கக் கூடாது.

பற்றவைக்கும்போது ஒரு காலில் இரண்டு மூன்று வினாடிக்கு மேல் அயர்ன் நிற்கக் கூடாது. நான் செய்த இரண்டாவது கேம்பாயில் ஈயம் பிடிக்கவில்லையே என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். காலடியில் இருந்த செம்பு வட்டம் போர்டிலிருந்து மெல்ல உரிந்து அயர்ன் முனையோடு வந்தது. அந்தக் கேம்பாயில் வலப்பக்கச் சத்தத்தை மீட்க, தடத்தைத் தேடி மேல்பூச்சைச் சுரண்டி ஒற்றை இழை வயர் போட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் முதலில் பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, புது ஈயம் ஒரு துளி வைத்துக்கொள்கிறேன். வயர் தானாக ஒட்டிக்கொள்கிறது.

வயர் உறை போட்டதாக, குட்டையாக இருக்கட்டும். உள்ளே தனியாக நிற்கும் சின்ன மின்மாற்று போர்டு, பேட்டரியிலிருந்து 5 வோல்ட்டையும் திரைக்கு மைனஸ் 19 வோல்ட்டையும் உண்டாக்கும் இடம். அதன் மேல் வயரைப் படுக்கவிட்டால் அதன் ரீங்காரம் உங்கள் பாட்டில் கேட்கும்.

மறைந்த செலவு துளைதான். பின்பக்கக் கேஸில் பாதி பேட்டரிக்கே போய்விடுகிறது. ஆர்சிஏ ஜாக் வெளியில் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே அதன் வால் நீளம். ஜாக்கை இடத்தில் பிடித்து, கேஸை மூடிப் பார்த்து, எதிலும் இடிக்கவில்லை என்று உறுதியான பிறகே பென்சிலால் குறிக்க வேண்டும். மேலே டேப் ஒட்டி, சின்ன பிட்டில் ஆரம்பித்து, மெதுவான வேகத்தில் படிப்படியாகத் துளையைப் பெரிதாக்குங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி விளிம்பு மொத்தையாகிவிடும்.

துளை போட மனசு வராதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். இந்த மாடலுக்குப் புதிதாகச் செய்த மாற்றுக் கேஸ்கள் கிடைக்கின்றன. துளையை அதில் போட்டுவிட்டு, பழைய கேஸைத் துணியில் சுற்றி வைத்துவிடலாம். பொருத்தம் அச்சுப் பிசகாமல் இருக்காது, பட்டன்கள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம். ஆனாலும் பழைய கேஸ் முழுதாக மிச்சமிருக்கும்.

ஆர்சிஏவுக்குப் பதில் 3.5 மிமீ ஜாக் வைத்தால் இடம் குறைவாகப் போதும், ஒரு துளை போதும். ஆனால் அந்தச் சின்ன பின் ஆடி ஆடித் தளர்ந்துவிடும். கிடார் கேபிள் சொருகும் 6.35 மிமீ ஜாக் மூன்றிலும் உறுதி. இந்தக் கேஸுக்குள் இரண்டை நுழைப்பது பெரும்பாடு.

## லிங்க் ஜாக் வழியே மிடி

இது சத்தத்துக்கான மாற்றம் அல்ல, தாளத்துக்கானது. அதனால் மேலே உள்ளவற்றுக்கு மாற்று என்று இதைப் பார்க்கக் கூடாது. ஆனால் பலர் கையில் உள்ள காசில் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்பதால் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

இரண்டு பேர் விளையாடுவதற்காக வைத்த லிங்க் ஜாக் பக்கவாட்டில் இருக்கிறது. இரண்டு கேம்பாயை ஒரு லிங்க் கேபிளால் இணைத்தால் எல்எஸ்டிஜே இரண்டையும் ஒரே தாளத்தில் ஓட்டும். அதற்கு மாற்றம் எதுவும் தேவையில்லை. வேறு கருவிகளோடு சேரத்தான் ஆர்டுயினோபாய் வருகிறது. டிராஷ்80 என்ற பெயரில் இயங்குபவர் உருவாக்கித் திறந்த மூலமாக வெளியிட்டது. ஆர்டுயினோ என்ற சின்ன கணினி போர்டு ஒன்று, சிக்னலை ஒளி வழியே கடத்தும் ஆப்டோ ஐசொலேட்டர் ஒன்று, சில ரெசிஸ்டர், ஐந்து பின் மிடி ஜாக், பாதியாக வெட்டிய லிங்க் கேபிள். மிடியின் ஒரு தாளத்துக்கு 24 துடிப்பு என்ற கணக்கை இது எல்எஸ்டிஜேக்கும் நானோலூப்புக்கும் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. அதே ஆளின் எம்ஜிபி மென்பொருளைக் கார்ட்ரிட்ஜில் ஏற்றினால், கேம்பாய் கீபோர்டில் வாசிக்கும் சின்தசைஸராகவே ஆகிவிடும்.

இதைக் கேம்பாய்க்கு உள்ளேயே வைத்து, வெளியே மிடி ஜாக் மட்டும் தெரியும்படி செய்கிறவர்கள் உண்டு. பார்க்க அழகு. ஆனாலும் வெளியே ஒரு சின்ன டப்பாவில் வைப்பதைத்தான் நான் சொல்வேன். டப்பா கெட்டால் டப்பாவை மட்டும் திறந்தால் போதும். கேம்பாய் கெட்டால் அதே டப்பா அடுத்த கேம்பாயில் வேலை செய்யும். உள்ளே வைத்தால் ஆர்டுயினோவின் சத்தம் ஆடியோவில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஒரு தனி வேலை.

மறைந்த செலவு கேபிளில் இருக்கிறது. முதல் மாடலின் லிங்க் பின் பெரியது, பாக்கெட்டுக்கும் கலருக்கும் சின்னது. மாற்றி வாங்கிவிட்டால் சொருகாது. மலிவான கேபிள்கள் பலவற்றில் 5 வோல்ட் வயரே இருக்காது. அப்போது ஆர்டுயினோவுக்கு மின்சாரம் வேறு இடத்திலிருந்து கொடுக்க வேண்டும். உள்ளே வயர்களின் நிறம் கேபிளுக்குக் கேபிள் மாறும். சிவப்பென்றால் பிளஸ் என்று நம்பிப் பற்றவைக்காமல், ஒவ்வொரு பின்னையும் மல்டிமீட்டரில் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஹெட்போன் ஜாக் அப்படியே | அதே ஜாக்குக்கு நேரடி வயர் | தனி ஆர்சிஏ | லிங்க் வழி மிடி |
|---|---|---|---|---|
| பேஸ், சீற்றம் | பேஸ் மெலிவு, சீற்றம் உண்டு | நன்று | நன்று | மாற்றம் இல்லை |
| ஹெட்போனில் கேட்பது | முடியும் | முடியாது என்றே கொள்ளலாம் | முடியும் | முடியும் |
| கேஸில் துளை | இல்லை | இல்லை | உண்டு | டப்பா வெளியே என்றால் இல்லை |
| பழையபடி மாற்றுவது | தேவையில்லை | முடியும் | வயரை எடுக்கலாம், துளை நிற்கும் | கேபிளைக் கழற்றினால் போதும் |
| யாருக்கு | கற்றுக்கொள்பவர் | பதிவுக்கென்று ஒன்றை ஒதுக்குபவர் | மேடையில் வாசிப்பவர் | மற்ற கருவிகளோடு வாசிப்பவர் |

மேடையில் தனியாக வாசிக்கப்போகிறீர்கள் என்றால் ஆர்சிஏ முதலில். கம்ப்யூட்டரோடும் டிரம் மெஷினோடும் வீட்டில் உட்கார்ந்து பாட்டு செய்கிறீர்கள் என்றால் மிடி டப்பா முதலில். சீற்றத்தைப் பதிவுக்குப் பிறகு ஓரளவு குறைத்துக்கொள்ளலாம், தாளம் விலகியதைத் திருத்துவது அதைவிடப் பெரிய வேலை.

## வேறு மாடல், வேறு கருவி

1998இல் வந்த கலர் வேகமானது, கைக்கு அடக்கமானது. அதிலும் சக்கரத்திலிருந்து சத்தத்தை எடுக்கலாம், ஆனால் முதல் மாடலின் பேஸ் வராது. 2003இல் வந்த அட்வான்ஸ் எஸ்பியில் வெளிச்சம் உண்டு, சார்ஜ் ஏறும் பேட்டரி உண்டு, ஹெட்போன் ஜாக் மட்டும் கிடையாது. அதற்குத் தனி அடாப்டர் வாங்க வேண்டும். பாட்டு எழுத எஸ்பி, வாசிக்க முதல் மாடல் என்று வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. அதே கார்ட்ரிட்ஜ் இரண்டிலும் ஓடும்.

டிவியோடு இணைக்கும் நின்டெண்டோ கருவியான என்இஎஸ்ஸை மாற்றலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள். அதன் 2ஏ03 சிப்பில் இரண்டு பல்ஸ் தடங்களும் முதல் பின்னில் வருகின்றன. முக்கோண அலை, இரைச்சல், சாம்பிள் மூன்றும் இரண்டாவது பின்னில் வருகின்றன. மோனோவாக வெளியே போவதை இரண்டு ஜாக்காகப் பிரிக்க இதனால் எளிதில் முடிகிறது. ஸ்டுடியோவில் ஓரிடத்தில் நிற்கும் கருவியாக வேண்டுமென்றால் அருமையானது. டிவியும் சுவர் மின்சாரமும் கூடவே தூக்க வேண்டும் என்பதால் மேடைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று. ஜாக் வைத்து முடித்து, மிக்ஸரில் சொருகியதும் ஹூம் என்று கேட்டால் உடனே பற்றவைத்ததைச் சந்தேகப்பட வேண்டாம். முதலில் சுவர் அடாப்டரைக் கழற்றிவிட்டு நான்கு டபுள் ஏ பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஹூம் அங்கேயே நின்றுவிடும். அடாப்டர்தான் வேண்டுமென்றால் 6 வோல்ட், நடுப்பின் மைனஸ். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை நடுப்பின் பிளஸ் என்பதால், சொருகும் முன் அதன் லேபிளில் உள்ள படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.